தண்ணீர்விட்டான், நானூறு கிலோ

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் மூலிகைக் கம்பெனியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்கு, என்னையும் சுகிர்தாவையும் வேர் என்று நினைத்து ட்ரையர் காயவைக்க ஆரம்பித்தது. அதன்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். எடை போட்டுப் பார்த்தது, எடை இருந்தது. அதற்குமேல் ஊர், பெயர் விசாரிக்க அதற்கென்ன தலையெழுத்தா?

ட்ரையர் என்றால் ஏதோ பீரோ மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு அறை. குட்டி லாரியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தலாம். தரை முழுக்க ஒரே எடைமேடை. கதவுக்கு மேலே, உள்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும், சிவப்பு எழுத்தில் ஒரு நம்பர் எரியும். ட்ராலி, ட்ரே எடையெல்லாம் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டும். கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினால் அந்த நேரத்து எடையை மனசில் குறித்துக்கொள்ளும். நூறு கிலோ உள்ளே போனால் அது முப்பது கிலோ ஆகும்வரை பூட்டு திறக்காது. எடை இறங்குவது போதவில்லை என்று தோன்றினால் மணிக்கொரு தரம் அஞ்சு டிகிரி சூடு ஏற்றும். அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைவிடக் குறைவாகத் தெரிந்த ஆட்கள் எனக்கு மேனேஜராக இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு உள்ளே இருந்தது தண்ணீர்விட்டான் கிழங்கு. பெயரில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கத் தண்ணீர். தோல் சீவி வைத்தால் இரண்டே நாளில் புளித்து நாறும், அதனால் லீவு நாள் என்று பார்க்க முடியாது. உடனே வெட்டி உடனே காயவைக்க வேண்டும். வெட்டும் செக்‌ஷனுக்கு சுகிர்தா மேஸ்திரி. மீஞ்சூர்க்காரி. அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: குறுக்கே வெட்டு, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு வெட்டு. வேருக்குள்ளே நீளவாக்கில் நரம்பு நரம்பாகக் குழாய் ஓடுகிறது, குறுக்கே வெட்டினால் அத்தனை குழாய்க்கும் வாய் திறந்துவிடும், தண்ணீர் தானாக வெளியே வரும் என்பாள். தடிமனாக வெட்டினால் மேல்பக்கம் முதலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும். உள்ளே இருக்கிற ஈரம் அதற்கப்புறம் வழி தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். மூட்டை கட்டிப் பத்து நாள் கழித்துப் பிரித்தால் பச்சையாகப் பூஞ்சை.

அவள் வெட்டிய வில்லை ஒன்றை மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாக வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் பேப்பர் படித்திருக்கிறேன். தலைப்பெல்லாம் நன்றாகத் தெரிந்தது. பொடி எழுத்துதான் கொஞ்சம் மங்கல்.

எனக்கு வயது எழுபத்தொன்று. கம்பெனி கார்டில் ஐம்பத்தேழு. இரண்டில் எது உண்மை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொல்வதும் மரியாதை இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் என் பங்குக்கு வந்த கிழங்கு மலையாகக் குவிந்து கிடந்தது. நாலரை மணி ட்ரெயினைப் பிடிக்க வேண்டும். காசு காசாக வெட்டினால் ராத்திரி ஆகிவிடும். கட்டைவிரல் கட்டைவிரலாக வெட்டினால் நாலு மணிக்கு முடியும். பதினெட்டு ட்ரே அப்படி வெட்டினேன். ஒவ்வொரு ட்ரேயிலும் மேலே மட்டும், பக்கத்து மேசை செண்பகத்திடமிருந்து அள்ளிய மெல்லிய வில்லைகளை ஒரு வரிசை பரப்பிவிட்டேன். சீர்வரிசைத் தட்டில் நல்ல ஆப்பிளை மேலே வைப்பதில்லையா, அந்த மாதிரி.

மறுநாள் ஆயுத பூஜை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ட்ரையரை ஓடவிட்டு, பொரி பொட்டலத்தோடு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மூன்று நாள் லீவு. ட்ரையர் ஆபரேட்டர் குணாதான் பூஜைக்கும் ஆபரேட்டர். அவன் கதவுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது சுகிர்தா ட்ரையருக்குள் போவதைப் பார்த்தேன். நேராகக் கடைசி ட்ராலிக்குப் பின்னால் போனாள். என் ட்ரேக்கள் அங்கேதான் இருந்தன. பேச்சுக் கொடுத்து வெளியே இழுத்துவிடலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

நான் போவதற்குள் மேல் வரிசையை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா இது? வேரா, வெறகா?"

"அட," என்றேன் நான், முதல்முறை பார்ப்பவனைப் போல.

"யாரு வெட்டினது?"

"நமக்கெதுக்கும்மா வம்பு."

"யாருன்னு கேட்டேன்."

"செண்பகம் மேசையாண்ட இருந்த ட்ரே மாதிரி கீது," என்றேன். பக்கத்து மேசை என்பதால் அதில் பொய் என்று அதிகம் இல்லை.

"திங்கக்கெழம அவ இந்த கேட்டுக்குள்ள கால் வெக்க மாட்டா," என்றாள் சுகிர்தா.

அப்போது வெளியே மணி அடித்தது. எங்கள் பக்கம் ஒரு பழக்கம்: வண்டிச் சக்கரத்துக்கு வைப்பது மாதிரி, ட்ரையர் கதவிடுக்கிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். பழம் முழுசாக நசுங்கினால்தான் நல்லது. குணா நல்ல பலசாலி. நாலு பேர் சேர்ந்து தள்ளிய மாதிரி கதவு வந்து மூடியது. பூசணிக்காய் உடைந்த சத்தம் கேட்டது. அப்புறம் விசிறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட ஆரம்பித்துவிட்டன. நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் திறப்பதற்கென்றே கதவின் உள்பக்கம் ஒரு சிவப்புக் கைப்பிடி உண்டு. ஓடிப்போய்ப் பார்த்தேன். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. வட்டமான, சுத்தமான ஓட்டைகள்.

"அத்த கழட்டி பூஜைல வெச்சிகீறான்," என்றாள் சுகிர்தா. "காலைல நான்தான் பாத்தேன். ஸ்பேனர் பக்கத்துல, பொட்டு வெச்சிகினு படுத்துங்கெடந்துது. நானும் நல்லா தேச்சிகீறானேன்னு நெனச்சேன்."

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை போடாமல் எடுக்கக்கூடாது. சாமி விஷயத்தில் குணா ரொம்பச் சுத்தம். எங்கள் செல்போன்கள் கேட்டில் லாக்கருக்குள் இருந்தன, உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்பது ரூல். ரூலை அன்றைக்கு மட்டும் இரண்டு பேருமே மதித்திருந்தோம். கேட்டில் வாட்ச்மேன் அன்புராஜ் இருப்பான். கேட்டுக்கும் ட்ரையருக்கும் நடுவே இரண்டு ஷெட், ஒரு பாய்லர், அன்புராஜுடைய காது.

சுகிர்தா கதவின் மேலே இருந்த நம்பரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானூறு என்று எரிந்தது.

"நேத்து ஏத்துனது இருநூத்தி எம்பது," என்றாள். "என் கையெழுத்து கீது. நீ எத்தினி கிலோ நைனா?"

"பூட்ஸோட நாப்பத்தெட்டு. எதுக்கு?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் எழுபத்தி ரெண்டு," என்றாள். "வெளிய போயி யாராண்டனா சொன்னே..."

"வெளிய போனாத்தானே சொல்றதுக்கு."

இருநூற்றெண்பதும் நூற்றிருபதும் நானூறு. ட்ரையர் எங்களையும் சேர்த்துக் குறித்துக்கொண்டுவிட்டது. நானூற்றில் முப்பது சதவீதம் என்றால் நூற்றிருபது. அதாவது நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவோ, அவ்வளவு. நாங்கள் தரையில் நிற்கும்வரை கதவு திறக்க வேண்டுமானால், உள்ளே இருக்கிற வேர் பூராவும் புகையாகப் போய், பூஜ்யம் ஆக வேண்டும். இல்லையென்றால் எங்களையும் காயவைத்து, பங்குக்கு முப்பது சதவீதம் ஆக்க வேண்டும். என் முப்பது சதவீதம் பதினாலு கிலோ சொச்சம் வரும். அந்த எடையில் நான் கடைசியாக இருந்தது நாலாங்கிளாஸ் படிக்கும்போது.

"திங்கக்கெழம வந்து தொறப்பாங்க," என்றேன்.

"தொறந்து மூட்ட கட்டுவாங்க," என்றாள்.

நாற்பத்தைந்து டிகிரி. முதலில் வியர்த்தது. அப்புறம் வியர்வை வெளியே வந்த அந்த இடத்திலேயே காய்ந்தது. அப்புறம் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டது. தாகத்துக்கு ஆளுக்கொரு கிழங்கை எடுத்து மென்றோம். வழவழவென்று இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். தின்னத் தின்ன நம்பர் குறைகிறதா என்று பார்த்தேன். குறையவில்லை. ட்ரேயில் இருந்தது வயிற்றுக்கு வந்ததே தவிர, வயிறும் அதே தரையில்தான் நின்றது.

பதினொன்றரைக்கு நம்பர் முன்னூற்றெண்பத்தெட்டு. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோதான். காசுக் கனத்து வேர் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்த ட்ரையருக்கு இது பிடிக்கவில்லை. விசிறியின் குரல் மாறியது. ஐம்பது டிகிரி.

"பாத்தியா," என்றாள் சுகிர்தா. "தடியா வெட்டுனா இதான். அது காயலன்னு அடுப்ப ஏத்துது. ஏத்த ஏத்த மேல ஓடு கட்டும். உள்ள தண்ணி நிக்கும். எட எறங்காது. மறுபடி ஏத்தும். சாயந்தரத்துக்குள்ள எழுபது டிகிரி வந்துரும் நைனா. பாவி, அந்த செண்பகம்."

"பாவிதான்," என்றேன்.

நான் அறையை இரண்டு தரம் சுற்றி வந்தேன். ஓட்டை இல்லை, ஜன்னல் இல்லை. காற்று போகிற வழியில் எலிகூட நுழையாதபடி வலை. மூன்றாவது சுற்றில், ஏற்கெனவே பார்த்த இடங்களையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன். மனிதன் பூட்டிய அறைக்குள் செய்வது அதைத்தான். கதவைத் தட்டினேன், அது கனமான பஞ்சு வைத்த கதவு. தலையணையில் குத்திய மாதிரி இருந்தது. என் நிழல் சுவரில் விழுந்திருந்தது. அதுவும் ஓரத்தில் லேசாகச் சுருண்டிருந்தது.

சுகிர்தா சுற்றவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடான காற்று வருகிற தகரக் குழாய் ஒன்று, பாய் அகலத்தில், கூரையிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு, கதவுக்கு நேர்மேலே போய்ச் சுவரில் நுழைந்தது.

"தரையில கால் வெச்சாத்தான நம்மள எட போடும்," என்றாள்.

மேலே ஏறிப் படுத்துக்கொண்டால் எங்கள் நூற்றிருபது கழிந்துவிடும். வேர் மட்டும் நூற்றிருபது ஆனால் போதும். முழுக்கக் காயக்கூட வேண்டாம், பாதிக்குமேல் காய்ந்தால் கதவு திறந்துவிடும்.

"அப்ப ட்ரேயையும் மேல ஏத்திட்டா?" என்றேன்.

"தகரம் நைனா. நம்ம ரெண்டு பேருக்கே அது ஜாமீன் குடுக்காது."

ஆகவே வேர் காய வேண்டும். காய வேண்டுமென்றால் மெல்லியதாக வேண்டும். கம்பெனிக் கத்திகள் எல்லாம் சாமி முன்னால் இருந்தன. சுகிர்தா இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தாள். அது அவள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சொந்தக் கத்தி. காலையில் குணா அதையும் கேட்டிருக்கிறான். "எங்க வேதக்கோயில்ல கத்திக்குத் தனியா பூச கெடையாது," என்று சொல்லிவிட்டாளாம். குணாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். எனக்கு அன்றைக்கு அந்த மதத்தின்மேல் இருந்த மரியாதை ரொம்பவே கூடியது.

பதினெட்டு ட்ரே. ஒரு ட்ரே ஏழு கிலோ. அவள் உட்கார்ந்து வெட்டினாள், நான் பிரித்துப் பரப்பினேன். அவளுக்குக் கை வலித்தால் நான் வெட்டினேன். வேரின் மேல் ஓடு கட்டியிருந்தது. கத்தி முதலில் டக்கென்று வழுக்கும், அப்புறம் சொதக்கென்று உள்ளே இறங்கும். வெட்டிய முகத்தில் ஈரம் பளபளவென்று நிற்கும். பரப்பிய இரண்டாவது நிமிடம் அந்த ஈரம் காணாமல் போகும். காசு கனத்துக்கும் கீழே போய்விட்டால் வில்லை சுருண்டு ட்ரேயில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பறந்து விசிறியில் மாட்டும். அதனால் பயந்துபோய்த் தாள் மாதிரி வெட்டவும் முடியாது. உயிர் போகிற நேரத்திலும் அளவாக வெட்ட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் சாச்சி வெட்டு நைனா. மொகம் அகலமாவும்."

"சாச்சித்தான் வெட்டறேன்."

"ம்," என்றாள். என் கையைப் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்கு நம்பர் முன்னூற்றறுபது. விசிறியின் குரல் மாறவில்லை. ஐம்பதிலேயே நின்றது. ஒன்றரைக்கு முன்னூற்று இருபத்தைந்து. அதில் எங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. என் கைக்கடிகாரம் முழங்கைவரை தானாக ஏறி இறங்கியது. சுகிர்தாவின் பற்களுக்கு நடுவே காற்று போகும்போது தாள் சத்தம் வந்தது. கண்ணை மூடித் திறந்தால் இமை ஒட்டிக்கொண்டது, விரலால் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டோம், கால் வெந்தது.

கொஞ்ச நேரம் அவள் செண்பகத்தைத் திட்டவே இல்லை. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கொழந்தைங்க இல்ல?" என்று கேட்டாள் திடீரென்று.

"யாருக்கு?"

"செண்பகத்துக்கு."

"ஆமா."

"வேலைய உட்டுத் தூக்கிட்டா கஷ்டம்தான்."

"கஷ்டம்தான். ஆனா தொழில்னு ஒண்ணு கீது இல்ல," என்றேன். அந்தச் சூட்டிலும் என் வாய் மட்டும் காயாமல் இருந்தது.

இரண்டரைக்கு ட்ராலியை ஏணியாக்கிக் குழாய்மேல் ஏறினோம். தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. கோணியை விரித்து, தலைக்குத் தலை முட்டும்படி படுத்தோம். கூரைக் கம்பிகள் முனகின. சூடெல்லாம் மேலேதான் குடியிருந்தது. நம்பர் கொஞ்சம் ஆடிவிட்டு நூற்றெழுபத்திரண்டில் நின்றது. இன்னும் ஐம்பத்திரண்டு கிலோ. சுகிர்தா கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். ஜெபம் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், எந்தெந்த ட்ரேயைத் திருப்பிப் போட வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

இறங்கினோம். வெட்டினோம், திருப்பினோம், ஒட்டியதைப் பிய்த்தோம். நடுவில் ஒரு தரம் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று மூளை சொன்னது, காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"எந்திரி," என்றாள்.

"நீ போ. நான் இங்கியே காஞ்சிக்கறேன்."

"நீ தரையில கெடந்தா எனக்குக் கதவு தொறக்காது. எந்திரி."

அவள் சொன்னதில் அன்பு ஒன்றும் இல்லை. கணக்கு சரியாக இருந்தது. அதனால் எழுந்தேன்.

நாலரை மணிக்கு மறுபடி மேலே. நூற்றிருபத்திரண்டு. ஒரு நிமிடம் அசையாமல் நின்றால்தான் ட்ரையர் எடையை நம்பும். அசையாமல் படுத்திருந்தோம். ஒரு நிமிடம் போனது, ஐந்து போனது, வேரில் மறுபடி ஓடு கட்டிக்கொண்டதோ என்னவோ. நூற்றிருபத்திரண்டு. நான் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தேன். எங்கள் பூட்ஸ் நாலும் ட்ராலிக்குப் பக்கத்தில், கோயில் வாசலில் விட்ட மாதிரி ஜோடி ஜோடியாக நின்றுகொண்டிருந்தன. பெரிய ரப்பர் பூட்ஸ். சரியாக இரண்டு கிலோ.

என் துண்டின் நுனியில் சுருக்குப் போட்டு, பழவேற்காட்டில் இறால் பிடிப்பதைவிடப் பொறுமையாக, ஒவ்வொன்றாகத் தூக்கினேன். மூன்றாவது பூட்ஸ் இரண்டு முறை நழுவி விழுந்தது. விழும்போதெல்லாம் நம்பர் ஆடியது, ஒரு நிமிடம் மறுபடி முதலிலிருந்து. நாலாவதும் ஏறியது. நூற்றிருபது. அறுபது வரைக்கும் எண்ணினோம்.

கதவில் டக்கென்று ஒரு சத்தம்.

நான் உடனே காலைத் தொங்கவிட்டு ட்ராலியில் வைத்தேன். நம்பர் குபீரென்று ஏறியது. கதவில் மறுபடி டக். ஈரச் சரக்கு உள்ளே இருக்கிறது என்று பூட்டிக்கொண்டுவிட்டது.

சுகிர்தா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சம் இருந்த என் தண்ணீரும் வற்றியது.

"மேல வா," என்றாள்.

மறுபடி படுத்தோம், எண்ணினோம், டக். இந்தத் தடவை யாரும் இறங்கவில்லை. இறங்காமல் கதவைத் தள்ள வேண்டும். வெளிப்பக்கம் திறக்கிற கதவுதான், தள்ளினால் போதும். குழாயிலிருந்து கை எட்டாது. ஒரு ஆள் தலைகீழாகத் தொங்கினால் எட்டும். யார் தொங்குவது, யார் பிடிப்பது என்பதில் விவாதம் எழவில்லை. எடை ஏற்கெனவே வெளியாகியிருந்தது.

அவள் என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு குழாய்மேல் கவிழ்ந்து படுத்தாள். நான் தலைகீழாக, கதவுக்கு ஒரு முழம் முன்னால் தொங்கினேன். ரத்தம் தலைக்கு இறங்கியது, இருந்த கொஞ்சமும். கையை நீட்டினேன். கதவை விரல்நுனி தொட்டது.

"இன்னும் கொஞ்சம் எறக்கும்மா."

"எறக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அந்தப் பதினெட்டு ட்ரேயும் யாரு வெட்டுனது?"

"இப்ப எதுக்கு அது?"

"மேல ரத்தம் ஓடாம கை மரத்துப்போவுது நைனா. வெரசா சொல்லு."

"செண்பகம்தான்னு காலைலயே..."

ஒரு காலை விட்டுவிட்டாள். ஒற்றைக் காலில் தொங்குவது இரண்டு காலில் தொங்குவதைப் போல இல்லை. அறை முழுக்க மெதுவாக ஒரு சுற்று சுற்றியது.

"நூத்துக்கணக்குல வெட்டிப் போட்டுகீற," என்றாள், மேலிருந்து நிதானமாக. "ஒவ்வொரு துண்டுலயும் சாய்வு எடது பக்கம் போவுது. பன்னெண்டு மணியிலருந்து பாத்துகினு கீறேன். நம்ம செக்‌ஷன்ல எடது கையில கத்தி புடிக்கறது யாரு?"

நான் யோசித்தேன். தலைகீழாக யோசிப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

"நான்," என்றேன்.

"எத்தினி ட்ரே?"

"பதினெட்டும்."

"மேல பரப்பின மெல்லிசு?"

"செண்பகத்தோடது. கேக்காம எடுத்தேன்."

"செண்பகம் இன்னா பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல."

அவள் மறு காலையும் பிடித்தாள். ஒரு சாண் இறக்கினாள். நான் இரண்டு உள்ளங்கையையும் கதவில் வைத்துத் தள்ளினேன். நசுங்கிய எலுமிச்சம்பழம் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. மறுபடி தள்ளினேன். கதவு விட்டுக்கொடுத்தது. வெளியே அக்டோபர் மாதத்துச் சாயங்காலம், சிப்காட் புகையோடு உள்ளே வந்தது. அவ்வளவு ருசியான புகையை நான் அதற்கு முன் குடித்ததில்லை. விசிறிகள் நின்றன.

எப்படி இறங்கினோம், எத்தனை குடம் தண்ணீர் குடித்தோம் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இல்லை. தண்ணீர்க் குழாயை மூடியபோது ஓவர்ஹெட் டேங்க் காலி என்று மணி அடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ட்ரையர் வாசலுக்கு எதிரே சிமென்ட் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். கதவு திறந்து கிடப்பதால் அது பீப், பீப் என்று அழுதுகொண்டிருந்தது.

"திங்கக்கெழம ஏழு மணிக்கு வா," என்றாள் சுகிர்தா. "ஒங்கூட ஒக்காந்து பாப்பேன். ஒரு காசு, ஒரு காசா. ட்ரெயினு போச்சுன்னா நடந்து போ."

"சரி."

"செண்பகத்தாண்ட நீயே சொல்லு."

அதற்கு நான் சரி என்று சொல்ல இன்னொரு சொம்பு தண்ணீர் தேவைப்பட்டது.

வேர் இன்னும் முழுக்கக் காயவில்லை. கதவைச் சாத்தி மறுபடி பொத்தானை அமுக்கினால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். அமுக்காவிட்டால் திங்கட்கிழமை பூஞ்சை. நாள் முழுக்க நாங்கள் வெட்டியது அத்தனையும் குப்பைக்குப் போகும். மேஸ்திரி அவள்தான். எழுந்து கதவுவரை போனாள். கதவில் கை வைத்தாள்.

"உள்ள யாரும் இல்லியே?" என்றாள்.

"நாம ரெண்டு பேரும் இங்க கீறோம்."

"ட்ராலி பின்னால போயி ஒரு தடவ பாத்துட்டு வா நைனா."

"நீ போயி பாத்துட்டு வா."

அவள் போகவில்லை. நானும் போகவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டி, இரண்டு பேரும் மாறி மாறி, யாராச்சும் கீறீங்களா என்று கூப்பிட்டோம். பதில் வரவில்லை. பதில் வராததை நம்பலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. காலையில் நாங்கள் கத்தியதும் வெளியே யாருக்கும் கேட்கவில்லையே. அவள் கதவைப் பாதிவரை தள்ளினாள். அங்கேயே நிறுத்தினாள். நான் ஒரு தரம் முயற்சி செய்தேன். ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது கை நின்றுவிட்டது. மறுபடி திறந்தேன்.

சாயங்கால ரவுண்டுக்காக கேட்டிலிருந்து அன்புராஜ் வந்து சேர்ந்தான். கையில் டார்ச்சும் ஒரு பிடி பொரியும்.

"இன்னா நைனா, எல்லாரும் காலைலியே பூட்டாங்க, நீங்க இன்னா பண்றீங்க? கதவ இப்டி தொறந்து போட்டா கரண்டு இன்னாத்துக்கு ஆவறது?" என்று சொல்லிக்கொண்டே, பொரியை வாயில் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டி உள்ளே காலை வைத்தான்.

நான் அவன் பெல்ட்டைப் பிடித்தேன். சுகிர்தா காலரைப் பிடித்தாள். பொத்தான் இரண்டு தெறித்து எங்கேயோ உருண்டது. இழுத்த வேகத்தில் மூன்று பேரும் வெளியே தரையில் விழுந்தோம்.

அன்புராஜ் ரொம்ப நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உள்ள அப்டி இன்னா கீது?" என்றான்.

"வேரு," என்றாள் சுகிர்தா. காலரை விடவில்லை.